நிமிஷத்துக்கு ரெண்டு துடிப்பு

போன மாசம் ஒரு டிரெய்லர் டிரைவர் ஓபிக்கு வந்தார். காட்டுப்பள்ளியில கண்டெய்னர் ஏத்திக்கிட்டு ஆந்திரா பக்கம் போறவர். தலை சுத்துதுன்னு ஆரம்பாக்கத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு உள்ளே வந்துட்டார். பல்ஸ் பார்த்தேன், 44. விசாரிச்சா, பிபி மாத்திரைய ஒண்ணுக்கு ரெண்டா போட்டிருக்கார். "நைட்டு முழுக்க ஓட்டணும், பிரஷர் ஏறிடக் கூடாதுல்ல சார்" அப்படின்னு ஒரு விளக்கம் வேற.

இ.சி.ஜி. எடுத்து, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் படுக்க வச்சுப் பேசிட்டு இருந்தோம். "இதைவிடக் கம்மியா துடிச்சா உயிர் இருக்குமா சார்?"னு கேட்டார்.

மனுஷனுக்குன்னா கஷ்டம். ஆனா நிமிஷத்துக்கு ரெண்டே தடவை துடிக்கிற ஒரு இதயம் இருக்கு. நோய் எதுவும் இல்லாம, நூத்தி எண்பது மீட்டர் ஆழத்துல நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற ஒரு ஜீவனோட இதயம்.

நீலத் திமிங்கலம். இந்தத் த்ரெட் அதைப் பத்தினதுதான். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல ஒரு விஷயத்தைத் தள்ளி வச்சிடறேன். 2017ல "ப்ளூ வேல்"னு ஒரு பேரைக் கேட்டாலே நம்ம ஊர்ப் பெற்றோர் நடுங்கினாங்க. அந்த விளையாட்டு இல்ல இது. அப்புறம், கடத்தல் கேஸ்ல கோடிக்கணக்குல மதிப்புன்னு பேப்பர்ல வருமே, அம்பர்கிரிஸ், அதுவும் இதோடது இல்ல. அது ஸ்பெர்ம் திமிங்கலத்தோட குடல்ல உருவாகறது. 2016 ஜனவரியில தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில எண்பதுக்கு மேல ஒதுங்கிச்சே, அது பைலட் திமிங்கலம். வேற ஜாதி, பல் இருக்கறது. நீலத் திமிங்கலத்துக்குப் பல்லே கிடையாது.

இப்ப இதயத்துக்கு வருவோம்.

ஒரு திமிங்கலத்துக்கு இ.சி.ஜி. எடுக்கணும்னு முதல்ல ஆசைப்பட்டவர் ஒரு பெரிய இதய மருத்துவர். பாஸ்டனைச் சேர்ந்த பால் டட்லி ஒயிட். 1955ல அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தப்ப கவனிச்சவர்னு சொன்னா எங்க ஆளுங்களுக்குத் தெரியும். அவர் 1952ல அலாஸ்காவுல ஒரு பெலுகா திமிங்கலத்தோட துடிப்பைப் பதிவு பண்ணினார். அதுக்கப்புறம் மெக்சிகோவுல, நம்ம பழவேற்காடு ஏரி மாதிரியே கடலை ஒட்டின ஒரு உப்பங்கழியில, சாம்பல் திமிங்கலத்துக்கு முயற்சி பண்ணினார். எலெக்ட்ரோடு எப்படி ஒட்டறதாம்? சின்ன ஈட்டி மாதிரி செஞ்சு எறியறது! நாங்க ஓபியில ஜெல் தடவி ஒட்டும்போதே "ஜில்லுனு இருக்கு டாக்டர்"னு நெளியறாங்க. ஈட்டியால குத்தினா திமிங்கலம் சும்மா இருக்குமா?

நீலத் திமிங்கலத்துக்கு முடிஞ்சது 2019ல வெளியான ஆய்வுலதான். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரமி கோல்ட்போகனோட குழு, கலிஃபோர்னியாவுல மான்டெரே விரிகுடாவுல ஒரு நீண்ட கழியோட முனையில கருவியை வச்சு, மூச்சு விட மேல வந்த ஒரு நீலத் திமிங்கலத்தோட இடது துடுப்புக்குப் பக்கத்துல ஒட்டிட்டாங்க. ஈட்டி கிடையாது, வெறும் சக்‌ஷன் கப். பழைய இ.சி.ஜி. மிஷின்ல ரப்பர் பல்பு அமுக்கி மார்ல ஒட்டுவோமே, கிட்டத்தட்ட அதே தத்துவம். எட்டு மணி நேரத்துக்கு மேல ரெக்கார்டிங் கிடைச்சது.

ரிப்போர்ட் இப்படி வந்துச்சு. ஆழத்துக்குப் போனா நிமிஷத்துக்கு 4ல இருந்து 8. ரொம்பக் குறைஞ்ச இடத்துல 2. மேல வந்து மூச்சு வாங்கறப்ப 25ல இருந்து 37. பதினாறரை நிமிஷம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சிருக்கு, 184 மீட்டர் ஆழம் வரைக்கும் போயிருக்கு.

முப்பது வினாடிக்கு ஒரு துடிப்பு. எங்க ஐ.சி.யூ. மானிட்டர்ல இது வந்தா நேர்க்கோடுன்னு அலாரம் அடிச்சு, நாலு பேர் ஓடி வந்து நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சிருப்போம்.

எப்படி உயிரோட இருக்கு? இதயம் ஒரு தடவை ரத்தத்தைத் தள்ளினதும், அதோட மகாதமனி வளைவு பலூன் மாதிரி விரிஞ்சு அந்த ரத்தத்தைப் பிடிச்சு வச்சுக்குது. அப்புறம் அடுத்த துடிப்பு வர்ற வரைக்கும் மெல்ல மெல்லச் சுருங்கி உடம்புக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. நமக்கும் இதே வேலைதான் நடக்குது, ஒரு வினாடிக்குள்ள முடிஞ்சிடும். வயசாகி, சர்க்கரை, சிகரெட்னு ரத்தக்குழாய் விறைச்சுப் போனா மேல் பிரஷர் மட்டும் ஏறும்னு நான் மாரடிச்சுச் சொல்றேனே, அந்த எலாஸ்டிக் தன்மை போறதுதான் காரணம். திமிங்கலத்துக்கு அந்த எலாஸ்டிக்தான் உயிர்.

மேல வந்ததும் 37 வரைக்கும் போகுதுன்னு சொன்னேன்ல. அவ்வளவு பெரிய இதயத்தால அதுக்கு மேல வேகமா துடிக்க முடியாது, உச்சத்துலயே ஓடுதுன்னு அந்த ஆய்வாளர்கள் நினைக்கறாங்க. இதைவிடப் பெரிய பிராணி பூமியில வராததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

"காரளவு இதயம், ரத்தக்குழாய்க்குள்ள ஆள் நீந்தலாம்"னு வாட்ஸப்ல வரும். நம்பாதீங்க. 2014ல கனடாவுல நியூஃபவுண்ட்லேண்ட் பக்கம் ஒன்பது நீலத் திமிங்கலங்கள் பனிக்கட்டியில சிக்கிச் செத்துப் போச்சு. அதுல ஒண்ணோட இதயத்தை ராயல் ஒன்டாரியோ மியூசியம்காரங்க எடுத்து, ஜெர்மனிக்கு அனுப்பிப் பதப்படுத்தி, காட்சிக்கு வச்சாங்க. எடை சுமார் 180 கிலோ. நம்மளோடது 300 கிராம். காரெல்லாம் இல்ல, ஆனா நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறணும். எனக்கு அதுவே போதும்.

சரி, சாப்பாடு. இங்கதான் நம்ம ஊர் வருது.

எங்க கிளினிக் வாசல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு ஆயா கூடையோட உட்காருவாங்க. ஏரிக்கரைக் குப்பத்துல இருந்து வர்றவங்க. கூடையில கருவாடு, ஓரத்துல குவியலா சென்னாக்கூனி. நகக்கண் அளவு கூட இல்லாத குட்டி இறால், காயவச்சது. கத்திரிக்காய் போட்டுத் தொக்கு வச்சா வீடே மணக்கும். என் பிபி பேஷண்டுகளுக்கு நான் "கருவாட்டைக் குறைங்க"ன்னு உள்ள சொல்லி அனுப்புவேன், வெளியில ஆயாகிட்ட ஒரு கூறு வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. ஆயாவும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

நீலத் திமிங்கலம் கிரில் என்கிற குட்டி இறால் மாதிரி உயிரைத் தின்னுதுன்னு எல்லாரும் படிச்சிருப்போம். துருவக் கடல்ல இருக்கறதுக்கு அது சரி. ஆனா இலங்கையைச் சுத்தி இருக்கிற நீலத் திமிங்கலங்களோட கழிவை எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை பண்ணி 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. அவை பெரும்பாலும் தின்னது கிரில் இல்ல, செர்ஜெஸ்டிட் வகை இறால். நம்ம ஆயா கூடையில இருக்கிற சென்னாக்கூனி இருக்கே, அதுவும் செர்ஜெஸ்டிட் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பங்காளி வகையறா.

உலகத்துலயே பெரிய பிராணியோட சாப்பாட்டுக்கு நம்ம ஆரம்பாக்கம் கத்திரிக்காய்த் தொக்கு சொந்தம். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ஆயாகிட்ட போய்ச் சொன்னேன். "அம்மாம் பெரிய உடம்புக்கு இது எந்த மூலைக்குப் பத்தும் நைனா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. வட பசிபிக் பக்கம் இருக்கறது இரை கிடைக்கிற சீசன்ல ஒரு நாளைக்குச் சராசரியா 16 டன் சாப்பிடுதுன்னு 2021ல கணக்குப் போட்டிருக்காங்க. வாயைத் திறந்துக்கிட்டு இரைக் கூட்டத்துக்குள்ள பாயும், தாடை கீழே இருக்கிற மடிப்பெல்லாம் விரிஞ்சு லாரி லாரியா தண்ணி உள்ள போகும், அப்புறம் மேல்தாடையில தொங்கற பலீன் சல்லடை வழியா தண்ணியை வெளியே பிழிஞ்சிட்டு இறாலை மட்டும் முழுங்கும். அந்தச் சல்லடை கெராட்டின். நம்ம நகம், முடி எதால ஆனதோ அதே. இவ்வளவு பெரிய வாய் இருந்தும் தொண்டை சின்னது. ஒரு ஆளை முழுங்க முடியாது. திமிங்கிலம்ங்கற பேருக்கு "திமி என்கிற பெரிய மீனையே விழுங்குறது"ன்னு அர்த்தம். பேர் வச்சவர் தொண்டையைப் பார்க்கல போல.

இந்தக் கழிவு விஷயத்தை ஆரம்பிச்சு வச்சவர் ஆஷா டி வோஸ். இலங்கையைச் சேர்ந்த கடல் உயிரியலாளர். 2003ல ஒரு ஆய்வுக் கப்பல்ல போகும்போது இலங்கைக் கடல்ல ஆறு நீலத் திமிங்கலங்களை ஒரே இடத்துல பார்த்திருக்கார். பக்கத்துலயே தண்ணி மேல செங்கல் நிறத்துல மலம் மிதக்குது. புத்தகத்துல எழுதியிருந்தது என்னன்னா, நீலத் திமிங்கலம் குளிர்க் கடல்ல சாப்பிடும், வெப்பக் கடலுக்குக் குட்டி போட மட்டும் வரும். இங்க மலம் இருக்குன்னா இங்கயே சாப்பிடுதுன்னுதானே அர்த்தம்? மோஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தா மூஞ்சியைச் சுளிக்கிற என் பேஷண்டுகள் கவனிக்கவும்.

பிற்பாடு தெரிஞ்சது இதுதான். நம்ம வட இந்தியப் பெருங்கடல் நீலத் திமிங்கலங்கள் துருவத்துக்குப் போறதே இல்ல. வடக்கே போனா நம்ம கரைதான் முட்டும். அதனால வருஷம் பூரா இந்த வெப்பக் கடல்லயேதான் சுத்துது. அண்டார்டிகாவுல இருக்கறதைவிட உடம்பு கொஞ்சம் சின்னது, 24 மீட்டரைத் தாண்டறது அபூர்வம். பாட்டும் தனிப் பாட்டு. லட்சத்தீவுல கவரத்தி பக்கம் கடலுக்கடியில மைக் போட்டு திவ்யா பணிக்கர் குழு பதிவு பண்ணினது இதே இலங்கை வகைப் பாட்டைத்தான். இந்தப் பக்கம் திருகோணமலை கடல்லயும் பார்க்கறாங்க. நம்ம ஆரம்பாக்கத்துல இருந்து திருகோணமலை நேர்க்கோட்டுல ஐந்நூத்தம்பது கிலோமீட்டர் சொச்சம். மதுரையைவிடக் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்.

குட்டியைப் பத்தி ரெண்டு வரி சொல்லாம விட்டா குழந்தைகள் டாக்டர் நண்பர்கள் கோச்சுக்குவாங்க. பிறக்கும்போதே ஏழு மீட்டர், ரெண்டு டன்னுக்கு மேல. ஆறேழு மாசம் தாய்ப்பால் மட்டும். ஒரு நாளைக்கு 90 கிலோ ஏறும். நம்ம குழந்தை ஒரு நாளைக்கு 25 கிராம் ஏறினா சார்ட்ல டிக் போட்டு அனுப்புவேன்.

அடுத்து காது. ஈ.என்.டி.காரங்களுக்குப் பிடிக்கும். இந்தத் திமிங்கலத்துக்குக் காதுக்குள்ள குரும்பி ஒரு திரி மாதிரி வாழ்நாள் முழுக்கச் சேந்துக்கிட்டே போகும். மரத்துல வளையம் மாதிரி, ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒரு அடுக்கு. 2013ல பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ட்ரம்பிள், சாஷா உசென்கோ ரெண்டு பேரும் ஒரு ஆண் நீலத் திமிங்கலத்தோட குரும்பியை அடுக்கு அடுக்கா சீவிப் பரிசோதிச்சாங்க. கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், பாதரசம், பூச்சிமருந்து எல்லாம் தேதி வாரியா கிடைச்சது. சுமார் பத்து வயசுல டெஸ்டோஸ்டிரோன் எகிறுது, அதாவது வயசுக்கு வந்திருக்கு. பூச்சிமருந்து அதிகமா சேர்ந்தது எப்பன்னு நினைக்கறீங்க? பிறந்த முதல் மாசங்கள்ல. அம்மா உடம்புல இருந்து, பால் வழியா.

சுத்தி ஃபேக்டரி இருக்கிற ஊர்ல வேலை பார்க்கற டாக்டர் நான். அந்தப் பேப்பரைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் சரியா வரல. இப்படி ஒரு குரும்பி நமக்கு இருந்து, நான் பார்க்கற தொழிலாளிங்களோட உடம்பு கணக்கையெல்லாம் வருஷ வாரியா படிக்க முடிஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சேன். (அதுக்காகப் பட்ஸ் போட்டுக் குடையாதீங்க. உங்க குரும்பியில ஒரு சரித்திரமும் இல்ல.)

அந்த ஆண் திமிங்கலம் எப்படிச் செத்துச்சு தெரியுமா? 2007ல கலிஃபோர்னியா சான்டா பார்பரா பக்கம். கப்பல் மோதி.

நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

ஆரம்பாக்கத்துல டாக்டரா இருந்தா ஹைவே கேஸ் பார்க்காம இருக்க முடியாது. ஜி.என்.டி. ரோடு ஊரை ரெண்டா வெட்டிப் போகுது. ஊர் அப்புறம் வந்ததா, ரோடு அப்புறம் வந்ததான்னு கேட்டா, ஊர்தான் முதல்ல. ரோடு அகலமாச்சு, வண்டி வேகமாச்சு, ஜனங்க அதே இடத்துல கடந்து போறாங்க. ஏன்னா கடை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். போன வருஷம் இடுப்பெலும்பு உடைஞ்சு வந்த ஒரு பெரியம்மா என்கிட்ட சொன்னது: "லாரி தூரத்துலதான் நைனா இருந்துச்சு. திடீர்னு கிட்டக்க வந்திடுச்சு." அவங்க கண்ணு பழகின வேகம் வேற. அவங்களை முதலுதவி பண்ணி சென்னைக்கு அனுப்பினோம், இப்ப வாக்கர் வச்சு நடக்கறாங்க. எல்லாரையும் பத்தி இப்படிச் சொல்ல முடியறதில்ல.

இலங்கையோட தென்முனை, தெய்வேந்திரமுனை. அங்க கரையை ஒட்டியே கடல் சடார்னு ஆழமாகுது, இறால் கூட்டம் திரளுது, அதனால நீலத் திமிங்கலம் மேயற இடம். உலகத்துலயே நெரிசலான கப்பல் பாதைகள்ல ஒண்ணு அதே இடத்து வழியா போகுது. பாக் நீரிணை ஆழம் பத்தாததால பெரிய கப்பல் அது வழியா வர முடியாது. அப்ப சூயஸ்ல இருந்தோ, வளைகுடாவுல இருந்தோ, கொழும்புல இருந்தோ சென்னைக்கும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வர்ற கண்டெய்னர் அந்த முனையைச் சுத்தித்தான் வரணும். அந்த டிரைவர் ஏத்திட்டு வந்த பெட்டியும் அப்படி வந்ததா இருக்கலாம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வர்றதும் போறதும் எத்தனையோ அந்த வழிதான்.

2012 மார்ச்ல கொழும்புத் துறைமுகத்துக்குள்ள ஒரு கண்டெய்னர் கப்பல் வந்தப்ப அதோட முகப்புல ஒரு நீலத் திமிங்கலம் மடிஞ்சு கிடந்துச்சு. அவ்வளவு பெரிய உடம்பு. படத்தைப் பார்த்தா அது ஒரு துணி மாதிரி தெரியும். இது கண்ணுல பட்ட ஒண்ணு. அடிபட்டு நடுக்கடல்ல முழுகிப் போறதுக்குக் கேஸ் ஷீட் கிடையாது.

"பெரிய கப்பல் சத்தம் கேட்டா ஒதுங்கத் தெரியாதா?"ன்னு எனக்கும் தோணிச்சு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நீலத் திமிங்கலங்கள் மேல கருவி ஒட்டி, கப்பல் கிட்ட வரும்போது என்ன பண்ணுதுன்னு பார்த்திருக்காங்க, 2015ல வெளியான ஆய்வு. பக்கவாட்டுல விலகி ஓடறதே இல்ல. சில நேரம் மெல்ல, ரொம்ப மெல்லக் கீழே இறங்கப் பார்க்குது. பல நேரம் அதுவும் இல்ல. ஓர்கா கூட்டத்தைத் தவிர இத்தனை பெரிய உடம்புக்கு எதிரின்னு எதுவும் இருந்ததில்ல. வேகமா வர்ற ஒரு இரும்பைக் கண்டா என்ன செய்யணும்னு அதோட உடம்புல எழுதப்படவே இல்ல. தூரத்துலதான் இருந்துச்சு, திடீர்னு கிட்டக்க வந்திடுச்சு.

வேட்டையால போனது தனிக் கதை. போன நூற்றாண்டுல தென் கடல்கள்ல மட்டும் மூணு லட்சத்துக்கு மேல கொன்னாங்க. 1966ல உலகளாவிய தடை வந்துச்சு. அதே சமயத்துல, அறுபதுகள்ல, சோவியத் கப்பல்கள் நம்ம அரபிக்கடல் பக்கம் வந்து ஆயிரத்துக்கும் மேல கணக்குல காட்டாமக் கொன்னது பிற்பாடு வெளியே வந்துச்சு. 1979ல இந்தியப் பெருங்கடலே திமிங்கலச் சரணாலயம்னு அறிவிச்சாச்சு. ஈட்டி நின்னுடுச்சு. கப்பல் நிக்கல.

இந்த வியாதிக்கு மருந்து தெரியும் என்பதுதான் என்னை உறுத்துது. கப்பல் பாதையை வெறும் 15 கடல் மைல் தெற்கே தள்ளினா மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும்னு 2016லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. கேன்சர் மருந்துக்குக் கூட இப்படி ஒரு நம்பர் நான் பார்த்ததில்ல. கரையோரம் மீன்பிடிக்கிற படகுகளுக்கும் அது நல்லது. 2022ல எம்.எஸ்.சி. என்கிற பெரிய கண்டெய்னர் கம்பெனி, யாரும் சட்டம் போடாமலே, தன்னோட கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிடுச்சு. முடியாத காரியம் இல்லன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

"நாங்க என்ன டாக்டர் பண்றது, நாங்களா கப்பல் ஓட்டறோம்?"னு கேப்பீங்க. இந்தத் த்ரெட்டைப் படிக்கறவங்கள்ல கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை பக்கம் கம்பெனிகள்ல பர்ச்சேஸ், லாஜிஸ்டிக்ஸ் பார்க்கறவங்க நிறையப் பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பாதிப் பேர் என் பேஷண்ட்தான். கண்டெய்னர் புக் பண்ணும்போது ஃபார்வர்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி: "உங்க லைன் கப்பல் தெய்வேந்திரமுனையில தள்ளிப் போகுதா, ஒட்டிப் போகுதா?" வாடகை, டெலிவரி தேதி கேக்கற அதே மெயில்ல ஒரு வரி.

சர்க்கரைக்கு என்கிட்ட வர்ற ஒரு எக்ஸ்போர்ட் மேனேஜர் போன மாசம் கேட்டும் பார்த்துட்டார். ஃபார்வர்டர் முதல்ல சிரிச்சாராம். ரெண்டு நாள் கழிச்சு, "சார், இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட இதைக் கேட்டதில்ல, லைன்ல விசாரிச்சுச் சொல்றேன்"னு பதில் போட்டிருக்கார். இன்னும் சொல்லல. அடுத்த ஷிப்மெண்ட் புக் பண்ணும்போது மறுபடி கேக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். அவரோட ஹெச்.பி.ஏ.ஒன்.சி. ரிப்போர்ட்டும் அப்பத்தான் வரும், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.